பனியைப் படம் பிடிக்கப் போனோம்!

"ஏம்மிணி, வெயிலுக்குப் பயந்து ஊட்டிக்கு ஓடறவங்களைப் பார்த்திருக்கேன். பனிக்காலத்துல, பனியைத் தேடிப் போறவங்களை இப்பத்தான் பார்க்கறேன்!"

ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை இரவு. நான் ஸ்வெட்டர்களை மடித்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தபோது என் மாமியார் சொன்ன வார்த்தை இது. வாயில்தான் கேலி. கை என்னவோ முறுக்கு டப்பாவை என் பையில் திணித்துக்கொண்டிருந்தது! என் நான்கு வயது மகள் பாட்டியின் முந்தானையைப் பிடித்தபடி, "அம்மா, எனக்குப் பனி கொண்டு வா" என்றாள். 'கொண்டு வருகிறேன் கண்ணு, படத்தில்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எனக்கும் காமிராவுக்கும் எப்படி உறவு என்று கேட்பீர்கள். எல்லாம் கோலத்தால் வந்தது. தினம் வாசலில் போடும் கோலத்தைச் செல்போனில் படம் எடுத்து வைப்பேன். அதைப் பார்த்த என் கணவர், சும்மா கிடந்த அவருடைய பழைய காமிராவைத் தூசு தட்டிக் கொடுத்தார். அதோடு விட்டாரா? கோவையில் இருபது பேர் சேர்ந்து நடத்தும் ஒரு புகைப்படக் குழுவில் என்னைச் சேர்த்தும் விட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு கூடுவோம். எடுத்த படங்களைத் திரையில் போட்டு ஒருவருக்கொருவர் குற்றம் குறை சொல்லிக்கொள்வோம். சமையலில் குறை சொன்னால் வரும் கோபம் இதில் வருவதில்லை, அதுதான் அதிசயம்!

இந்தத் தடவை உறைபனியைப் படம் எடுக்க இரண்டு நாள் உதகைப் பயணம். மொத்தம் பதினான்கு பேர். அதில் பெண்கள் ஐந்து பேர்: ஓய்வு பெற்ற டீச்சர் அக்கா, இரண்டு கல்லூரிப் பெண்கள், நான், எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் தாய். அவளுடைய இரண்டரை வயதுக் குட்டிப் பயல் அவளை விட்டு இருக்க மாட்டான் என்பதால், அவனும் எங்களோடு ஒரு 'போட்டோகிராபர்'!

மலை ரயிலில் ஐந்து மணி நேரம்

சனிக்கிழமை விடியுமுன்பே வேனில் மேட்டுப்பாளையம் போய்ச் சேர்ந்தோம். காலை ஏழு மணிக்கு மேல் புறப்படும் மலை ரயில் உதகைக்குப் போய்ச் சேர நண்பகல் ஆகிறது. நாற்பத்தாறு கிலோ மீட்டருக்கு ஐந்து மணி நேரமா என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். 208 வளைவுகள், 16 குகைகள், 250 பாலங்கள்! கல்லாறிலிருந்து குன்னூர் வரை செங்குத்தான ஏற்றம் என்பதால் தண்டவாளத்தின் நடுவே பல் பல்லாகக் கம்பி ஓடுகிறது. எஞ்சினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏறுகிறது. எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. குன்னூர் வரை 1899-லும் உதகை வரை 1908-லும் ஓடத் தொடங்கிய இந்த ரயிலை 2005-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

நீராவி எஞ்சின் தண்ணீர் குடிக்க நிற்கும் இடங்களில் நாங்கள் இறங்கி ஓடிப் படம் எடுப்போம். குட்டிப் பயலோ குரங்குகளைப் பார்த்து, "அண்ணா! அண்ணா!" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். பெட்டி முழுவதும் ஒரே சிரிப்பு.

பனி எங்கே விழும்?

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், மறுநாள் விடியற்காலையில் படம் எடுக்க இடம் பார்த்து வைக்கலாம் என்று தலைக்குந்தா பக்கம் போனோம். வழியில் இந்து நகர். 1960-ல் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. ஒரு காலத்தில் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும், ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் இங்கிருந்துதான் போயின. இப்போது மூடிக் கிடக்கிறது. டீச்சர் அக்கா வேனுக்குள்ளிருந்தே கும்பிட்டார். "என் கல்யாண போட்டோ இந்த ஊர் பிலிம்லதான் எடுத்தது" என்றார்.

எங்கள் குழுத் தலைவர் இயற்பியல் வாத்தியாராக இருந்தவர். "உச்சி மலையில் ஏறினால்தானே பனி அதிகம் இருக்கும்?" என்று கேட்டேன். இல்லையாம்! மேகமில்லாத, காற்றில்லாத இரவில் தரையின் சூடு வானத்தை நோக்கிப் போய்விடுகிறது. புல் நுனி, காற்றை விடவும் குளிர்ந்து பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் பனிக்கட்டிப் பொடியாகப் படிகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் மாதிரி வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா உச்சியை விட, கீழே உள்ள பள்ளத்துப் புல்வெளியில்தான் உறைபனி கொட்டிக் கிடக்கும். தேயிலைக் கொழுந்துகள் கருகுவதும், மலர்ச்செடிகளைக் காய்ந்த தழை போட்டு மூடிவைப்பதும் இதனால்தான்.

"சூரியன் வந்த அரை மணியில் எல்லாம் தண்ணீர். நாலரைக்கு எல்லாரும் வேனில் இருக்க வேண்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த இரவு

ஊரின் ஓரத்தில் ஒரு பழைய பங்களா விடுதி. பெண்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய அறை. தலைக்கு வைக்கலாம் என்று தேங்காய் எண்ணெய் சீசாவை எடுத்தால், கட்டியாகக் கிடக்கிறது! இரவு பத்து மணிக்குக் குளிர் எலும்பைத் துளைத்தது. குட்டிப் பயல் இரண்டு தடவை இருமினான். அவ்வளவுதான், அவன் அம்மா முகம் வாடிப் போயிற்று.

அப்போதுதான் விடுதிப் பையன் கதவைத் தட்டினான். கையில் இரும்புச் சட்டி. அதில் புகையே இல்லாமல் செக்கச் செவேலென்று கரிக் கங்குகள். "கணப்பு வேணுங்களா? காலைவரைக்கும் கதகதன்னு இருக்கும்."

வேண்டாம் என்போமா? மகராசன், தெய்வம் மாதிரி வந்தாய் என்று கையில் பணத்தைக் கொடுத்து வாங்கி, குழந்தையின் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். கதவைச் சாத்தினோம். குளிர் வராமலிருக்கக் கதவிடுக்கில் ஒரு ஜமுக்காளத்தைச் சுருட்டி அடைத்தோம். எனக்குக் கிடைத்தது சன்னலோரக் கட்டில். அந்தச் சன்னல் கண்ணாடியின் மூலை உடைந்து, அதன் வழியே சில்லென்று காற்று. 'நம்ம ராசி!' என்று முணுமுணுத்துக்கொண்டே போர்த்திக்கொண்டேன்.

நாலு மணிக்கு செல்போன் அலாரம் அடித்தது. எழுந்திருக்க முடியவில்லை. தலை விண் விண்ணென்று தெறித்தது. குமட்டல். ராத்திரி சாப்பிட்ட பரோட்டாவோ என்று நினைத்தேன். அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது, மற்ற ஒருவர்கூட அசையவில்லை. டீச்சர் அக்காவை உலுக்கினேன். எழுந்து உட்கார்ந்தவர் அப்படியே வாந்தி எடுத்தார். கல்லூரிப் பெண்கள் "தலை சுத்துதுக்கா" என்று மறுபடி சாய்ந்தார்கள். குழந்தையின் அம்மா கண்ணைத் திறந்தாள், பேச்சு குழறியது. குழந்தையைத் தூக்கினேன். தோளில் துணி மாதிரி துவண்டான்.

சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். எதிரே, எங்களுக்காக டீ கொண்டு வந்த காவல்காரரின் மனைவி. உள்ளே எட்டிப் பார்த்தவர் கையிலிருந்த தட்டை அப்படியே தரையில் வைத்தார்.

"அய்யோ! கரியை உள்ளே வெச்சுக்கிட்டா படுத்தீங்க? வெளியே வாங்க! எல்லாரும் வெளியே வாங்கம்மா!"

சன்னல்களைப் படார் படாரென்று திறந்தார். சட்டியைத் தூக்கித் தோட்டத்தில் வைத்தார். ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாக வராந்தாவுக்கு இழுத்து வந்தார். சத்தம் கேட்டு ஆண்கள் ஓடி வந்தார்கள். எங்கள் குழுவில் ஒருவரிடம், கொரோனா சமயத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் இருந்தது. குழந்தையின் விரலில் மாட்டினார். 98 என்று காட்டியது!

"ஆக்ஸிஜன் நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் காற்றாட விட்டால் சரியாயிடும்" என்றார் அவர்.

அந்த அம்மாள் விடவில்லை. "மெஷின் என்னவோ சொல்லட்டும் ஐயா. கரிக்காத்து குடிச்ச பிள்ளை இது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இப்பவே!"

அவர் மட்டும் அன்று அப்படி அடித்துச் சொல்லியிராவிட்டால்? இதை எழுதும்போதுகூட என் கை நடுங்குகிறது.

டாக்டர் சொன்னது

பனி படம் எடுக்க நிறுத்தியிருந்த வேன் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது. குழந்தைக்கு முதலில் ஆக்ஸிஜன் முகமூடி வைத்தார்கள். பிறகு எங்கள் எல்லோருக்கும். ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தை முகத்தைச் சுளித்து, முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "ஓ"வென்று அழுதான். அழுகையைக் கேட்டு ஐந்து பெண்கள் சந்தோஷத்தில் அழுததை அந்த வார்டு அன்றுதான் பார்த்திருக்கும்!

டியூட்டியில் இருந்த லேடி டாக்டர் பொறுமையாக விளக்கினார். கரி முழுவதும் எரியப் போதிய காற்று இல்லாதபோது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணெரிச்சல்கூட இல்லை. புகை இல்லாத கங்குதானே என்று நாம் நம்பி ஏமாறுகிறோம். நம் இரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமந்து செல்வது ஹீமோகுளோபின். ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு இந்த வாயு அதில் ஒட்டிக்கொள்ளும். மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்ஸிஜன் போய்ச் சேராது. தூக்கத்தில் இருப்பவர் விழிக்காமலே போய்விடலாம்.

"அப்படியானால் மீட்டர் 98 காட்டியதே டாக்டர்?"

"அதுதான் ஆபத்து. விரல் மீட்டருக்கு ஆக்ஸிஜனையும் இந்த வாயுவையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொண்டு நல்ல எண்ணைக் காட்டிவிடும். இரத்தத்தைப் பரிசோதித்தால்தான் உண்மை தெரியும். வெறும் காற்றில் இந்த வாயு பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தால் ஒன்றிரண்டு மணியில் அந்த அளவு வெளியேறும்."

குழந்தைகள் வேகமாக மூச்சு விடுவதால் அவர்களுக்குத்தான் சீக்கிரம் பாதிப்பு. கர்ப்பிணி என்றால் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் ஆபத்து. வயதானவர்கள், இதய நோயாளிகளும் அப்படியே. சன்னலோரத்தில் படுத்த நான் மட்டும் எப்படி முதலில் எழுந்தேன் என்று கேட்டேன். நான் திட்டித் தீர்த்த அந்த உடைந்த கண்ணாடி மூலைதான் காரணம் என்றார்!

ஒரே ஒரு படம்

ஏழு மணி சுமாருக்கு வெயில் எட்டிப் பார்த்தது. ஆக்ஸிஜன் போதும் என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் சாயங்காலம்வரை இருந்து போகச் சொன்னார்கள். குழந்தையைப் போர்த்தி எடுத்துக்கொண்டு அவன் அம்மா வராந்தாவுக்கு வந்தாள். எதிரே சிறு புல்தரை. புல்லெல்லாம் வெள்ளை! ஒவ்வொரு நுனியிலும் வைரப் பொடி தூவினாற்போல் உறைபனி. பயல் பொதியிலிருந்து ஒரு விரலை நீட்டி, "உப்பு!" என்றான்.

என் கழுத்தில் காமிரா தொங்கிக்கொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் நினைவு வந்தது. தலைவர் சொல்லிக் கொடுத்தது ஞாபகத்தில் இருந்தது: வெண்மையான காட்சியில் காமிரா ஏமாந்து படத்தை மங்கலாக்கும், வெளிச்சத்தை ஒரு படி கூட்டு. கூட்டினேன். எடுத்தேன். அந்த நீட்டிய விரல், அதன் பின்னால் வெள்ளைப் புல், தாயின் கன்னத்தில் காயாத கண்ணீர்க் கோடு. ஒரே ஒரு படம்தான். அதற்குள் பனி உருகத் தொடங்கிவிட்டது. அதைப் பார்த்தபின் வேறு படம் எடுக்க எனக்கு மனமும் இல்லை.

குளிர் மலைக்குக் கிளம்பும் சகோதரிகளுக்கு

1. கரியடுப்பு, கணப்புச் சட்டி, விறகடுப்பு எதையும் படுக்கும் அறைக்குள் கொண்டு வரவே வேண்டாம். 'ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் போதும்', 'சன்னலைக் கொஞ்சம் திறந்தால் போதும்' என்பதையெல்லாம் நம்பாதீர்கள். தண்ணீர் இந்த வாயுவை உறிஞ்சாது.

2. ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால், வெளியே போனதும் சற்றுக் குறைந்தால், சந்தேகப்படுங்கள். எல்லோரையும் வெளியே கொண்டு வந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 'கரி வைத்திருந்தோம்' என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

3. குளிருக்கு உடைதான் மருந்து. தடிமனான ஒன்றை விட, மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு நல்லது. உள்ளே பருத்தி, மேலே கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத மேலங்கி. குழந்தையின் காலுறை ஈரமானால் உடனே மாற்றுங்கள். குல்லா, கையுறையில் மாற்று ஜோடி இருக்கட்டும்.

4. படுக்கையைச் சூடாக்க ரப்பர் வெந்நீர்ப் பையை உறை போட்டு அரை மணி முன்பே படுக்கையில் வைத்து, குழந்தையைக் கிடத்துமுன் எடுத்துவிடுங்கள்.

5. 'குளிருக்கு ஒரு சொட்டு பிராந்தி' என்று குழந்தைக்குக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கூடவே கூடாது. அது உடல் சூட்டைக் குறைக்கத்தான் செய்யும்.

6. 2200 மீட்டருக்கு மேலுள்ள உதகையில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எளிதில் வேகாது. சமைப்பதாக இருந்தால் குக்கரை மறக்காதீர்கள்.

7. காமிரா கொண்டு போகிறவர்களுக்கு: குளிரில் பாட்டரி சீக்கிரம் தீரும். மாற்று பாட்டரியை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். குளிரிலிருந்து அறைக்குள் வருமுன் காமிராவை பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடிவிடுங்கள். அறைச் சூட்டுக்கு வந்தபின் திறந்தால் லென்ஸில் நீர் படியாது.

மலைக்குப் போகாதவர்களுக்கும்...

'நாங்கள் சமவெளிக்காரர்கள், எங்களுக்கென்ன?' என்று நினைக்க வேண்டாம். குளியலறையில் காற்றுப் போக வழியில்லாமல் மாட்டிய காஸ் கீஸரும் இதே வாயுவை உண்டாக்கி உயிரைக் குடிக்கும். அதை வெளிப்புறச் சுவரில் மாட்டுவதே நல்லது. கரண்ட் போனால் வீட்டுக்குள் ஜெனரேட்டர் ஓட்டுவதும் ஆபத்து. பச்சை உடம்புக்காரியும் சிசுவும் படுத்திருக்கும் அறையைக் காற்றுப் புகாமல் சாத்தி, உள்ளே கரி போட்டுச் சாம்பிராணி புகை போடுகிறோமே, அதுவும்தான். அந்தப் புகையே பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. கரியின் வாயு அதற்கும் மேல்.

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. என் நாத்தனாருக்கு மாசி மாதம் பிரசவம். அறைக்குக் கணப்பு போட என் மாமியார் ஒரு சாக்குக் கரி வாங்கிக் கொல்லையில் வைத்திருந்தார். ஞாயிறு இரவு வீடு திரும்பியதும் நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன். 'நாங்கெல்லாம் பெத்து வளர்க்கலையா?' என்று கேட்பார் என்று பயந்துகொண்டேதான் சொன்னேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. என் மகள் காமிராவை வாங்கி, அந்த ஒரு படத்தைப் பாட்டியிடம் காட்டினாள். "பாட்டி, பனி பாரு! பாப்பா பாரு!" வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை நான் கோலம் போட வாசலுக்கு வந்தபோது, இஸ்திரி வண்டிக்காரரிடம் என் மாமியார் பேசிக்கொண்டிருந்தது கேட்டது:

"கொல்லையில ஒரு சாக்குக் கரி கிடக்குது. எடுத்துட்டுப் போயிரு சாமி. எங்க வீட்டுக்கு வேண்டியதில்லை."